பதில் சொல்லாத திரை

அமெரிக்காவின் சியாட்டில் நகரில், வாஷிங்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பேட்ரீசியா கூலும் அவருடைய குழுவினரும் 9 மாதக் குழந்தைகளிடம் நடத்திய ஒரு சோதனையின் முடிவு 2003இல் வெளியானது. ஆங்கிலம் மட்டுமே காதில் விழும் வீடுகளில் வளர்ந்த குழந்தைகள் அவை. மாண்டரின் சீனத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள் 4 வாரங்களில் 12 முறை, ஒவ்வொரு முறையும் 25 நிமிடம், அந்தக் குழந்தைகளோடு தரையில் உட்கார்ந்து பொம்மை காட்டிப் பேசினார்கள், புத்தகம் வாசித்துக் காட்டினார்கள். அந்தச் சிறிது நேரமே போதுமானதாக இருந்தது. ஆங்கிலத்தில் இல்லாத மாண்டரின் ஒலிகளைப் பிரித்தறிவதில் இந்தக் குழந்தைகள் தைவானில் பிறந்து வளர்ந்த குழந்தைகளுக்கு இணையாக வந்துவிட்டன. இன்னொரு குழுவுக்கு அதே ஆட்கள், அதே பொம்மைகள், அதே பேச்சு, ஆனால் டிவிடியில். மூன்றாவது குழுவுக்குக் குரல் மட்டும். இந்த இரண்டு குழுக்களும் மாண்டரினையே கேட்டிராத குழந்தைகள் இருந்த இடத்திலேயே நின்றன. திரையில் ஓடியதைக் குழந்தைகள் பார்க்காமல் இல்லை, நன்றாகவே பார்த்தன. பார்த்தும் கற்கவில்லை.

சின்னக் குழந்தைகளும் திரையும் என்று பேச்செடுத்தாலே நாம் நேரக் கணக்குக்குப் போய்விடுகிறோம். ஒரு மணி நேரம் காட்டலாமா, அரை மணி நேரமா, சாப்பிடும்போது மட்டும் பரவாயில்லையா? உலக சுகாதார நிறுவனம் 2019இல் வெளியிட்ட வழிகாட்டுதலும் நேரத்தையே அளவாகக் கொண்டது: ஒரு வயதுக்குள் திரையே வேண்டாம், 2 முதல் 4 வயது வரை ஒரு மணி நேரத்துக்கு மேல் கூடாது. இந்தியக் குழந்தைகள் மருத்துவர் சங்கத்தின் பரிந்துரையும் ஏறக்குறைய இதுதான். இந்த எச்சரிக்கைகளை மதிக்கிறேன். பெற்றோருக்குச் சட்டென்று புரியும் ஒரு வரம்பு தேவைதான். ஆனால் குழந்தை எப்படிக் கற்கிறது என்பதைப் பற்றி 25 ஆண்டுகளுக்கும் மேலாகச் சேர்ந்திருக்கும் ஆய்வுகளைப் படித்தால், கடிகாரத்தைவிட முக்கியமான இன்னொன்று அவற்றில் திரும்பத் திரும்பத் தென்படுகிறது. குழந்தை ஒரு சத்தம் எழுப்பினால், ஒரு பக்கம் கைநீட்டினால், முகத்தைச் சுளித்தால், அதற்கு எதிரிலிருந்து பதில் வருகிறதா? பதில் வரும் இடத்தில் குழந்தை கற்கிறது. வராத இடத்தில், அதிலும் முதல் இரண்டரை ஆண்டுகளில், மிகக் குறைவாகவே கற்கிறது. திரையைப் பற்றி நாம் எடுக்கும் முடிவுகள் இதிலிருந்துதான் தொடங்க வேண்டும் என்பது என் வாதம்.

காரணத்தை முதலில் பார்ப்போம். ஜார்ஜீன் ட்ரோசெத், ஜூடி டிலோச் என்ற இரு உளவியலாளர்கள் 1998இல் வெளியிட்ட ஆய்வு ஒரு சாதாரண ஒளித்துவைக்கும் விளையாட்டுதான். பக்கத்து அறையில் ஒருவர் பொம்மையை ஒளித்துவைப்பதை இரண்டு வயதுக் குழந்தை தொலைக்காட்சியில் பார்க்கிறது. பிறகு அந்த அறைக்குப் போய்ப் பொம்மையை எடுக்க வேண்டும். இரண்டு வயதுக் குழந்தைகள் பெரும்பாலும் தவறின. இரண்டரை வயதுக் குழந்தைகள் பெரும்பாலும் கண்டுபிடித்தன. இதே காட்சியை ஜன்னல் வழியாகப் பார்த்தபோது இரண்டு வயதுக் குழந்தைகளுக்கும் சிரமம் இருக்கவில்லை. அப்படியானால் குறை கண்ணிலும் இல்லை, நினைவாற்றலிலும் இல்லை. ஆய்வாளர்கள் இன்னொன்றும் செய்தார்கள். தொலைக்காட்சிப் பெட்டி கண்ணில் படாதபடி, ஜன்னலுக்குப் பின்னால் திரை மட்டும் தெரியும்படி வைத்தார்கள். நேரில் பார்ப்பதாக நம்பிய குழந்தைகள் முன்னைவிட நன்றாகக் கண்டுபிடித்தன. எதிரே இருப்பது அதே படம். அது தன்னைச் சுற்றியிருக்கும் உலகத்தைச் சேர்ந்தது என்ற நம்பிக்கைதான் வித்தியாசத்தை உண்டாக்கியது. திரையில் வருபவர் தான் கூப்பிட்டாலும் திரும்பமாட்டார், அழுதாலும் நிறுத்தமாட்டார் என்பதை இரண்டு வயதுக்குள் குழந்தை நூறு முறை பார்த்துவிடுகிறது. தனக்கும் அதற்கும் தொடர்பில்லை என்று அது முடிவுகட்டுவது நியாயமான முடிவு என்றே நினைக்கிறேன்.

அந்த முடிவை மாற்ற முடியும் என்பதையும் ட்ரோசெத்தே காட்டினார். 2006இல் வெளியான அடுத்த ஆய்வில், திரையில் தோன்றிய பெண் குழந்தையைப் பெயர்சொல்லி அழைத்து, அதன் அண்ணன் தம்பிகளைப் பற்றியும் வீட்டில் வளரும் பிராணிகளைப் பற்றியும் பேசி, அது சொல்வதைக் கேட்டு 5 நிமிடம் விளையாடினார். அதற்குப் பிறகு அவர் திரையிலிருந்தபடியே பொம்மை எங்கே இருக்கிறது என்று சொன்னபோது இரண்டு வயதுக் குழந்தைகள் அதை நம்பிப் போய்த் தேடி எடுத்தன. 2014இல் சாரா ரோஸ்பெரி, கேத்தி ஹர்ஷ்-பாசெக், ராபர்ட்டா கோலிங்காஃப் மூவரும் இதைச் சொல் கற்பதில் சோதித்தார்கள். 24 முதல் 30 மாதக் குழந்தைகளுக்குப் புதிய வினைச்சொற்களைச் சிலருக்கு நேரிலும், சிலருக்கு வீடியோ அழைப்பிலும், சிலருக்கு முன்பே பதிவுசெய்த வீடியோவிலும் கற்பித்தார்கள். நேரிலும் வீடியோ அழைப்பிலும் குழந்தைகள் கற்றன, பதிவில் கற்கவில்லை. அந்தப் பதிவு வேறொரு குழந்தையுடன் நடந்த உண்மையான உரையாடல். கேள்வி இருந்தது, சிரிப்பு இருந்தது, இடைவெளியும் இருந்தது. பார்த்துக்கொண்டிருந்த குழந்தையின் செயலோடு அவை பொருந்தவில்லை, அவ்வளவுதான். சிங்கப்பூரிலோ டொராண்டோவிலோ இருக்கும் பேரப்பிள்ளையோடு தினமும் வீடியோ காலில் பேசும் தாத்தா பாட்டிகள் இந்த ஆய்வை அறிந்துகொள்வது நல்லது. அவர்கள் செலவிடும் நேரம் கார்ட்டூன் பார்க்கும் நேரத்தோடு சேர்த்து எண்ணப்பட வேண்டியதில்லை. மருத்துவர் சங்கப் பரிந்துரையும் இரண்டு வயதுக்குக் கீழ் உறவினருடனான வீடியோ அழைப்புக்கு மட்டும் விலக்கு அளிக்கிறது.

நிலாவைக் காட்டிச் சோறூட்டிய காலம் போய்க் கைபேசியைக் காட்டி ஊட்டும் காலம் வந்துவிட்டது என்று நம் வீடுகளில் குறைபட்டுக்கொள்கிறார்கள். யோசித்துப் பார்த்தால் நிலாவும் கைக்கு எட்டாத, தட்டையாகத் தெரியும் வெளிச்சம்தான். நிலா குழந்தைக்கு எதையும் கற்றுத்தரவில்லை. அதைச் சாக்காக வைத்து அம்மா விரல் நீட்டுகிறாள், குழந்தை அந்த விரலையும் நிலாவையும் அவள் முகத்தையும் மாறி மாறிப் பார்க்கிறது, 'ஊ' என்கிறது, அவள் அதை ஒரு சொல்லாக எடுத்துக்கொண்டு பதில் சொல்கிறாள். இரண்டு பேர் சேர்ந்து ஒரே பொருளைக் கவனிப்பதில்தான் முதல் சொற்கள் பிடிபடுகின்றன. கைபேசி ஓடும்போது ஊட்டுபவரின் கண் கிண்ணத்தில், குழந்தையின் கண் திரையில். சோறு வேகமாக உள்ளே போகிறது. பேச்சு நடக்கவில்லை. இப்படி நடக்காமல் போகும் பேச்சை அளந்தும் பார்த்திருக்கிறார்கள். ஆஸ்திரேலியாவில் 220 குடும்பங்களின் வீடுகளில் நாள் முழுவதும் ஒலிப்பதிவு செய்து 2024இல் வெளியிட்ட ஆய்வில், மூன்று வயதில் கூடுதலாகத் திரையில் கழியும் ஒவ்வொரு நிமிடத்துக்கும் பெரியவர்கள் பேசும் சொற்களில் சுமார் 6.6, குழந்தை எழுப்பும் குரல்களில் 4.9, இருவருக்கும் இடையிலான பேச்சுப் பரிமாற்றத்தில் 1.1 குறைந்தது தெரியவந்தது. நிமிடத்துக்கு ஒரு பரிமாற்றம் என்பது கேட்கச் சிறிதாகத் தோன்றும். தினமும் ஒரு மணி நேரம் என்று வைத்துக்கொண்டால் ஆண்டுக்கு 24,000 பரிமாற்றங்கள்.

யாருமே பார்க்காமல் கூடத்தில் ஓடிக்கொண்டிருக்கும் தொலைக்காட்சியும் இதே வேலையைச் செய்கிறது. ஒன்று முதல் மூன்று வயது வரையிலான 50 குழந்தைகளை ஒரு மணி நேரம் விளையாடவிட்டு, அதில் பாதி நேரம் பெரியவர்களுக்கான வினாடிவினா நிகழ்ச்சி ஒன்றை ஓடவிட்டார்கள் டேனியல் ஆண்டர்சனும் அவருடைய சகாக்களும் (2008). குழந்தைகள் அவ்வப்போது சில நொடிகள்தான் திரும்பிப் பார்த்தன. இருந்தும் ஒரு பொம்மையோடு அவை தொடர்ந்து விளையாடிய நேரம் குறைந்தது. கைபேசியிலும் நாம் கவனிக்கத் தவறுவது குழந்தையின் கையில் இருப்பதை அல்ல, நம் கையில் இருப்பதை. 2017இல் வந்த ஓர் ஆய்வில் 38 தாய்மார்கள் தங்கள் இரண்டு வயதுக் குழந்தைகளுக்கு இரண்டு புதுச் சொற்களைக் கற்றுக்கொடுத்தார்கள். ஒரு சொல்லைக் கற்பிக்கும்போது இடையில் தாய்க்கு ஓர் அழைப்பு வந்தது. சொல்லைக் குழந்தை கேட்ட எண்ணிக்கை இரண்டிலும் ஒன்றுதான். தடைபடாமல் கற்பித்த சொல்லைக் குழந்தைகள் கற்றன, அழைப்பால் அறுபட்டதைக் கற்கவில்லை. குழந்தைக்கு எவ்வளவு நேரம் திரை காட்டலாம் என்று கேட்கும் குடும்பங்கள், அதன் எதிரே நாம் எவ்வளவு நேரம் திரையைப் பார்க்கிறோம் என்பதையும் சேர்த்தே கேட்டாக வேண்டும்.

இதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. 1969 நவம்பரில் அமெரிக்கத் தொலைக்காட்சியில் தொடங்கிய 'செசமி ஸ்ட்ரீட்' ஏழைக் குழந்தைகளைப் பள்ளிக்குத் தயார்செய்ய என்றே உருவாக்கப்பட்டது. அந்த நாட்டில் சில இடங்களில் ஒளிபரப்பு நன்றாக எட்டியது, சில இடங்களில் எட்டவில்லை. இந்தத் தற்செயலான வேறுபாட்டை வைத்து மெலிசா கியர்னி, ஃபிலிப் லெவின் என்ற பொருளியலாளர்கள் கணக்கிட்டபோது, நிகழ்ச்சி நன்றாகக் கிடைத்த பகுதிகளில் வளர்ந்த குழந்தைகள் வயதுக்கேற்ற வகுப்பில் தொடர்ந்து படிக்கும் வாய்ப்பு கூடியிருந்தது. கறுப்பினக் குழந்தைகளிடமும் ஆண் குழந்தைகளிடமும் அந்தப் பயன் தெளிவாகத் தெரிந்தது. 15 நாடுகளில் 10,000க்கும் மேற்பட்ட குழந்தைகளைப் பற்றிய ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த 2013ஆம் ஆண்டுக் கட்டுரையும் நிகழ்ச்சியால் கற்றல் கூடுகிறது என்றே சொல்கிறது. இதை நான் முழுமையாக ஏற்கிறேன். திரையே விஷம் என்பவர்களுக்கு இதைவிடத் தெளிவான பதில் கிடையாது. ஆனால் இந்தப் பயன் 3 முதல் 5 வயதுக் குழந்தைகளுக்குக் கிடைத்தது. இரண்டரை வயதுக்குட்பட்ட 51 குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்த 2005ஆம் ஆண்டு ஆய்வில் இதே நிகழ்ச்சியைப் பார்த்தவர்களின் பேச்சு வளர்ச்சி பின்தங்கியே இருந்தது. 'புளூஸ் குளூஸ்', 'டோரா' என்ற நிகழ்ச்சிகளைப் பார்த்த குழந்தைகள் முன்னிலையில் இருந்தன. இவை இரண்டிலும் திரையில் வருபவர் குழந்தையை நேராகப் பார்த்துக் கேள்வி கேட்டு, பதிலுக்குக் காத்திருந்து, பதில் வந்ததுபோலவே மேலே பேசுவார். 'புளூஸ் குளூஸ்' ஒரே அத்தியாயத்தை வாரத்தில் 5 நாளும் திரும்ப ஒளிபரப்பியது. நாளாக ஆகக் குழந்தைகள் உரக்கப் பதில் சொல்லத் தொடங்கின. 51 குழந்தைகள் என்பது சிறிய எண்ணிக்கை, அதை வைத்துப் பெரிய முடிவுக்குப் போகக் கூடாது. ஆனாலும் மற்ற ஆய்வுகள் காட்டும் திசையிலேயே இதுவும் நிற்கிறது.

பச்சைக் குழந்தைகளுக்கென்று விற்கப்பட்ட காணொளிகளின் கதை வேறு. அமெரிக்காவில் 'பேபி ஐன்ஸ்டைன்' டிவிடிகள் லட்சக்கணக்கான வீடுகளுக்குப் போயின. 2001இல் டிஸ்னி அந்த நிறுவனத்தை வாங்கியது. கல்விப் பயன் பற்றிய புகார்களும் விவாதங்களும் எழுந்த பிறகு 2009இல் வாங்கியவர்களுக்குப் பணத்தைத் திருப்பித்தர முன்வந்தது. அடுத்த ஆண்டு ஜூடி டிலோச் குழுவினர், நன்றாக விற்பனையான ஒரு டிவிடியை 12 முதல் 18 மாதக் குழந்தைகளுக்கு 4 வாரம் காட்டிப் பார்த்தார்கள். காணொளி பார்த்த குழந்தைகள், பார்க்காத குழந்தைகளைவிடக் கூடுதலாகச் சொற்களைக் கற்கவில்லை. பெற்றோர் பக்கத்தில் இருந்து பேசியபடி பார்த்தபோதும் அதே நிலைதான். காணொளியே இல்லாமல், அந்தச் சொற்களை வீட்டுப் புழக்கத்தில் சொல்லிக்கொடுங்கள் என்று விடப்பட்ட குழந்தைகள்தான் அதிகம் கற்றன. இந்த ஆய்வில் எனக்கு முக்கியமாகப் படுவது வேறொன்று: காணொளியை விரும்பிய பெற்றோர், குழந்தை அதிலிருந்து நிறையக் கற்றுவிட்டதாக நம்பினார்கள். 'ரைம்ஸ் எல்லாம் மனப்பாடமாகச் சொல்கிறான், நிறங்களை எல்லாம் ஆங்கிலத்தில் சொல்கிறாள்' என்று நாமும் மகிழ்கிறோம். பெருமைப்படுவோம். ஆனால் பாட்டில் வரும் நிறத்தைக் கையிலிருக்கும் பழத்தில் குழந்தை காண்கிறதா என்பதுதான் கற்றலுக்குச் சோதனை.

தொடுதிரை பதில் சொல்கிறதே என்பது அடுத்த மறுப்பு. தொட்டால் மாடு கத்துகிறது, சரியாகத் தொட்டால் கைதட்டல் கேட்கிறது. ரேச்சல் பாரும் அவருடைய குழுவினரும் 15 மாதக் குழந்தைகளுக்கு ஒரு பொம்மையின் பொத்தானை அழுத்தும் விதத்தைக் காட்டினார்கள். திரையில் கற்றதைத் திரையிலும், பொம்மையில் கற்றதைப் பொம்மையிலும் குழந்தைகள் நன்றாகச் செய்தன. ஒன்றில் கற்றதை மற்றதில் செய்யும்போது தடுமாறின. இரண்டு முதல் மூன்று வயதுக் குழந்தைகளிடம் ஹெதர் கிர்கோரியன் செய்த ஆய்வில், சொல்லுக்குரிய பொருள் இருக்கும் இடத்தைக் குறிப்பாகத் தொட வேண்டியிருந்தபோது வயதில் சிறியவர்கள் புதுச் சொல்லைக் கற்றார்கள். எங்கே தொட்டாலும் நகரும் திரையில் கற்கவில்லை. எனவே தொடுதிரை எதற்குமே உதவாது என்று நான் சொல்லமாட்டேன். கவனத்தைச் சரியான இடத்துக்கு இழுக்கும் தொடுகை உதவுகிறது. கைபேசியில் குழந்தைகளுக்கு என்று இருப்பவற்றில் பெரும்பகுதி அப்படிச் செய்யப்பட்டவை அல்ல. அடுத்தது தானாக ஓடும், விளம்பரம் குறுக்கே வரும், தொட்டதெல்லாம் மின்னும். குழந்தையை விடாமல் பிடித்துவைக்கவே அவை செய்யப்பட்டிருக்கின்றன. அண்மையில் யிங் ஷூ என்ற ஆய்வாளர், குழந்தை சொல்லும் பதிலைக் கேட்டு அதற்கேற்ப மறுமொழி சொல்லும் கார்ட்டூன் பாத்திரத்தைச் சோதித்தார். அந்தப் பாத்திரத்தோடு பேசிய குழந்தைகள் நிகழ்ச்சியிலிருந்த அறிவியலை நன்றாகப் புரிந்துகொண்டார்கள். 4 வயதைத் தாண்டிய, பேச்சு வந்துவிட்ட குழந்தைகள் அவர்கள். இயந்திரமே ஆனாலும் குழந்தையின் சொல்லுக்குப் பொருத்தமாகப் பதில் சொன்னால் கற்றல் நடக்கிறது என்பது என் வாதத்துக்கு வலுவே சேர்க்கிறது. கூல் குழுவினர் 2018இல் வெளியிட்ட ஆய்வும் அப்படியே: 9 மாதக் குழந்தை தனியாகத் திரை பார்த்தபோது கிடைக்காத பயன், பக்கத்தில் இன்னொரு குழந்தையும் இருந்தபோது கிடைத்தது.

கேடுகளை மிகைப்படுத்துகிறீர்கள் என்பாரும் உண்டு. அந்தக் கவலை நியாயமானது. 2007இல் 8 முதல் 16 மாதக் குழந்தைகள் தினமும் காணொளி பார்க்கும் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் 6 முதல் 8 சொற்கள் குறைவாக அறிந்திருக்கிறார்கள் என்று ஓர் ஆய்வு வந்து உலகெங்கும் செய்தியானது. 2014இல் அதே தரவுகளை வேறு இருவர் மீண்டும் ஆராய்ந்தபோது அந்தத் தொடர்பு அத்தனை உறுதியானதல்ல என்று தெரிந்தது. திரை அதிகம் ஓடும் வீடு வேறு பல வகைகளிலும் நெருக்கடியில் இருக்கும் வீடாக இருக்கலாம். எது எதற்குக் காரணம் என்று பிரிப்பது கடினம். இந்த மிகைப்படுத்தலால் நம்மூரில் ஒரு தீமை நேர்கிறது. குழந்தை இரண்டு வயதிலும் பேசவில்லை, கூப்பிட்டால் திரும்பவில்லை என்றால், கைபேசி பார்த்ததால் வந்தது, அதை நிறுத்தினால் சரியாகிவிடும் என்று சொல்லி மாதக்கணக்கில் காத்திருக்கிறார்கள். அது ஆட்டிசமாகவும் இருக்கலாம். ஆட்டிசமோ பெருமளவு மரபுக்கூறு சார்ந்த வளர்ச்சி வேறுபாடு. கைபேசி அதை உண்டாக்குகிறது என்பதற்கு நிரூபணம் இல்லை. தாயைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவதை விட்டுவிட்டு, குழந்தையை உடனே மாவட்ட அரசு மருத்துவமனையின் தொடக்கநிலை இடையீட்டு மையத்துக்கு அழைத்துப்போகச் சொல்வதே உதவி.

கடைசியாக வரும் மறுப்புதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. பதில் சொல்ல ஆள் எங்கே? திருப்பூர் பின்னலாடைத் தொழிற்சாலையில் ஷிஃப்ட் முடிந்து வரும் தாய் சமைக்க வேண்டும், தண்ணீர் பிடிக்க வேண்டும். கூட்டுக்குடும்பம் இல்லை, தெருவில் விளையாட இடமில்லை. அந்த அரை மணி நேரத்துக்குக் கைபேசியைக் கொடுப்பதைக் குற்றம் என்று சொல்ல எனக்கு மனமில்லை. வீட்டுக்குள் செய்யக்கூடியது உண்டு: 3 வயதுக் குழந்தைகளின் பெற்றோருக்கு, கதைக் காணொளியை இடையில் நிறுத்தி 'இப்போ என்ன ஆச்சு? அவன் ஏன் அழுதான்?' என்று கேட்கக் கற்றுக்கொடுத்தபோது நான்கே வாரத்தில் குழந்தைகளின் சொல்வளமும் கதையைப் புரிந்துகொள்வதும் கூடியதை 2013ஆம் ஆண்டு ஆய்வு காட்டியது. ஆனால் நேரமே இல்லாதவரிடம் நேரம் கொடு என்று சொல்வது தீர்வாகாது. அரசு செய்ய வேண்டியது இங்கே இருக்கிறது, அதற்கான சான்றும் தமிழ்நாட்டிலேயே கிடைத்திருக்கிறது. அலெஹாந்த்ரோ கனிமியன், கார்த்திக் முரளிதரன், கிறிஸ்டஃபர் வால்டர்ஸ் ஆகியோர் நம் அங்கன்வாடிகளில் நடத்திய சோதனையில், முன்பருவக் கல்விக்கென்று அரை நாள் பணியாற்றும் ஒருவர் கூடுதலாக நியமிக்கப்பட்டார். கற்பிக்கும் நேரம் இரட்டிப்பானது. 18 மாதங்களில் குழந்தைகளின் மதிப்பெண் கணக்கில் 0.29, மொழியில் 0.46 திட்டவிலக்கம் உயர்ந்தது. இத்தகைய ஆய்வுகளில் இது பெரிய உயர்வு. வளர்ச்சிக் குறைபாடும் கடும் ஊட்டச்சத்துக் குறைபாடும்கூடக் குறைந்தன, ஏனென்றால் ஏற்கெனவே இருந்த பணியாளருக்கு உடல்நலப் பணிகளைக் கவனிக்க நேரம் கிடைத்தது.

தமிழ்நாட்டில் 50,000க்கும் மேற்பட்ட அங்கன்வாடி மையங்கள் இருக்கின்றன. அங்கே தொலைக்காட்சியும் டேப்லெட்டும் வாங்கிவைப்பது எளிது, திறப்பு விழா நடத்தவும் வசதி. 3 வயதைத் தாண்டியவர்களுக்கு, ஒருவர் உடனிருந்து பேசினால், அவற்றால் ஓரளவு பயனும் உண்டு. ஆனால் ஒரே நிதியில் இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் நிலை வந்தால், கருவியைத் தள்ளிவைத்துவிட்டு இரண்டாவது ஆளை நியமிக்க வேண்டும், அவருக்கு ஒழுங்கான ஊதியம் தர வேண்டும். நம் கையிலிருக்கும் சான்றுகள் அந்த முடிவையே ஆதரிக்கின்றன.